சம்பளப் பாக்கியில் சரிந்த பேரரசு

கி.பி. 866இல் சமர்ரா நகரத்து அரசுக் கணக்கர்கள் உட்கார்ந்து படைச் செலவைக் கூட்டிப் பார்த்தார்கள். துருக்கியர், மக்ரிபிகள், ஷாகிரிகள் என்ற மூன்று பிரிவினருக்கும் ஓராண்டுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் 20 கோடி என்று வந்தது. அப்பாசியப் பேரரசு முழுவதிலிருந்தும் இரண்டு ஆண்டுகளில் வரக்கூடிய நிலவரி அவ்வளவு. இந்தக் கணக்கை எழுதிவைத்தவர் வரலாற்றாசிரியர் தபரி. சுவடியில் 20 கோடி தீனார் என்றிருக்கிறது. திர்ஹம் என்றே கொள்ள வேண்டும். அத்தனை தங்கம் அன்று எந்த அரசிடமும் இல்லை. திர்ஹம் என்று எடுத்துக்கொண்டாலும் அந்தக் கணக்கு ஓர் அரசு திவாலாகிவிட்டதைத்தான் காட்டுகிறது.

அப்பாசிய கிலாபத் எப்போது வீழ்ந்தது என்று கேட்டால் நம்மில் பலர் 1258 என்போம். ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதைச் சூறையாடிய ஆண்டு அது. அந்தக் கொலையும் கொள்ளையும் மெய்தான். ஆனால் மங்கோலியர் முற்றுகையிட்டது இராக்குக்குள் ஒடுங்கிவிட்ட ஒரு சிற்றரசை. வட ஆப்பிரிக்காவிலிருந்து நடு ஆசியா வரை வரி வாங்கிய பேரரசு அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. இன்னொரு விளக்கமும் உண்டு: கலீஃபாக்கள் சுகபோகத்தில் மூழ்கினார்கள், அந்தப்புரம் ஆட்சியைக் கெடுத்தது என்பது. அரச வம்சங்கள் எங்கே சரிந்தாலும் இதே காரணத்தைச் சொல்லிவிடலாம் என்பதே அந்த விளக்கத்தின் குறை. ஹாரூன் அல் ரஷீதும் சுகவாசிதான். அவர் காலத்தில் கஜானா நிரம்பி வழிந்தது. 861க்கும் 945க்கும் இடைப்பட்ட சரிவைப் புரிந்துகொள்ள அந்தப்புரக் கதைகளைவிடச் சம்பளப் பட்டியல்தான் உதவும் என்பது என் துணிபு. இந்த அரசு நிலமும் உறவும் ஊரும் இல்லாத, சம்பளத்தை மட்டுமே நம்பிய ஒரு படையை உருவாக்கிக்கொண்டது. பிறகு அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாமல் போனது.

இப்படி ஒரு படை ஏன் தேவைப்பட்டது? தொடக்க கால வெற்றிகளில் போரிட்ட அரபுக் குடிகளின் பெயர்கள் திவான் என்ற பதிவேட்டில் இருந்தன. அவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் ஆண்டுதோறும் பணம் போயிற்று. 750இல் உமையாக்களை வீழ்த்தி அப்பாசியர் வந்தபோது அவர்களைத் தூக்கி நிறுத்தியது கிழக்கு மாகாணமான குராசானின் படை. மன்சூர் 762இல் பக்தாதை எழுப்பி அந்தப் படைவீரர்களைத் தலைநகரிலேயே குடியேற்றினார். இரண்டு தலைமுறையில் அவர்கள் பக்தாத்வாசிகளாகிவிட்டார்கள். ஹாரூன் 809இல் இறந்ததும் அவருடைய மகன்கள் அமீனும் மஃமூனும் மோதினார்கள். பக்தாத் ஓராண்டுக்கு மேல் முற்றுகையில் கிடந்தது. 813இல் அமீன் கொல்லப்பட்டார். வென்ற மஃமூன் ஆறு ஆண்டுகள் கழித்தே பக்தாதுக்குள் நுழைந்தார். அந்த நகரத்துப் படையை அவரால் நம்ப முடியவில்லை.

இந்த நம்பிக்கையின்மைக்கு மருந்து கண்டவர் அவருடைய தம்பி முஃதஸிம். இளவரசராக இருந்தபோதே துருக்கிய அடிமைகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். இன்றைய துருக்கி நாட்டவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து பிடித்துவரப்பட்டு, சமர்கந்து வழியாக விற்கப்பட்ட இளைஞர்கள். குதிரைமேல் விரையும்போதே அம்பெய்யப் பழகியவர்கள். சிலர் பக்தாத் வீடுகளில் ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்கள். பிற்காலத்தில் பெரும் தளபதிகளான இருவரில் ஈதாக் சமையல்காரராக இருந்தவர். வஸீஃப் கவசம் செய்பவர். 833இல் கலீஃபா ஆன முஃதஸிம், எகிப்தில் திவானில் இருந்த அரபுக் குடிகளின் பெயர்களை நீக்கி, அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை நிறுத்தச் சொன்னார். குடிமக்களில் ஒரு பகுதியினர் பரம்பரையாகப் படையாக இருந்த ஏற்பாடு அதோடு முடிந்தது.

பக்தாதுக் கடைத்தெருக்களில் துருக்கிய வீரர்கள் குதிரையை விரட்டிக்கொண்டு போனார்கள். குழந்தைகளும் பெண்களும் மிதிபட்டார்கள். பதிலுக்கு நகரத்து மக்கள் தனியாக அகப்பட்ட வீரர்களை அடித்துக் கொன்றார்கள். ஒரு பெருநாள் தொழுகை முடிந்து திரும்பிய முஃதஸிமை ஒரு முதியவர் வழிமறித்து, பட்டப்பெயர் எதுவும் இல்லாமல் அழைத்து, இந்த அந்நியர்களை எங்கள் நடுவே குடிவைத்து எங்கள் பிள்ளைகளை அநாதைகளாக்கிவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகத் தபரி எழுதுகிறார். 836இல் கலீஃபா தம் படையோடு டைக்ரிஸ் நதியின் மேல்பக்கம் 125 கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சமர்ராவை நிறுவினார்.

சமர்ராவைப் பற்றிப் புவியியலாளர் யஃகூபி எழுதிய விவரணையைப் படித்தால் அது தலைநகரமா படைப்பாளையமா என்ற ஐயம் வரும். துருக்கியருக்குத் தனித் தெருக்கள். மற்றவர்களோடு கலக்காதபடி தொலைவில் மனைகள். அவர்களுக்கென்று அடிமைப் பெண்களை வாங்கி மணமுடித்து வைத்தார்கள். வெளியாரோடு சம்பந்தம் செய்யக் கூடாது. அந்த மனைவிகளுக்கும் பதிவேட்டில் படி உண்டு. அவர்களை விவாகரத்து செய்யவும் முடியாது. மனைவி முதல் மனை வரை எல்லாமே அரசின் ஏற்பாடு. இன்று யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்த இடிபாடுகள் வடக்கு தெற்காக 41.5 கிலோமீட்டர் நீள்கின்றன. விவசாயத்துக்கோ வணிகத்துக்கோ சிறந்த இடமல்ல அது, குடிநீருக்கே சிரமம். மாகாணங்களிலிருந்து வந்த வரிப்பணம் சம்பளமாகி, சம்பளம் கடைவீதிக்குப் போய், நகரம் நடந்தது. வரிப்பணம் தாமதமானால் வீரன், அவன் மனைவி, அவனுக்குக் கடன் கொடுத்த கடைக்காரன் எல்லோருக்கும் ஒரே நாளில் முடை.

முதல் தலைமுறையில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. 838இல் பைசாந்தியத்தின் அமோரியம் கோட்டையைப் பிடித்தது இந்தப் படைதான். ஆனால் 847இல் வாரிசு குறிக்காமல் வாஸிக் இறந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்த கூட்டத்தில் அமைச்சரோடும் காஜியோடும் ஈதாக்கும் வஸீஃபும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தேர்ந்த முதவக்கில் தம்மைத் தேர்ந்தவர்களை ஒவ்வொருவராக ஒழிக்கப் பார்த்தார். ஈதாக் சிறையில் செத்தார். வேறு படைப்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சம்பளப் பட்டியல் நீண்டது. கூடவே கட்டடங்கள்: சங்குபோல் சுற்றி மேலேறும் 52 மீட்டர் உயர மினாரா, சமர்ராவுக்கும் வடக்கே ஒரு புதிய நகரம், அதற்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு கால்வாய். அந்தக் கால்வாய் வேலை அவர் சாவோடு நின்றுபோனது. வஸீஃபின் இஸ்பஹான் நிலங்களைப் பறித்து முதவக்கிலின் நண்பர் ஃபத்ஹ் இப்னு காகானுக்குக் கொடுக்க ஆணை தயாரானது. 861 டிசம்பரில் ஓர் இரவு, மது விருந்தில் இருந்த முதவக்கிலை அவருடைய மெய்க்காவலர்களே வெட்டினார்கள். குறுக்கே விழுந்த ஃபத்ஹும் செத்தார். தந்தையோடு பகையில் இருந்த மகன் முன்தஸிருக்கு இதில் உடந்தை என்பது அன்றே எல்லோரும் அறிந்த செய்தி.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு கலீஃபாக்கள். முன்தஸிர் ஆறு மாதத்தில் இறந்தார். முஸ்தஈன் பக்தாதுக்கு ஓடி, அங்கே ஓராண்டு முற்றுகையில் இருந்து, பதவி விலகி, பிறகு கொலையானார். அடுத்து வந்த முஃதஸ்ஸின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்; இந்தச் சரிவின் உள்ளியக்கம் அதில் அப்படியே தெரிகிறது.

869 ஜூலை. பல மாதச் சம்பளம் பாக்கி. தளபதி வஸீஃபின் மகன் ஸாலிஹ் தலைமையில் வீரர்கள் அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். பேரம் 50,000 தீனாரில் வந்து நின்றது. அது கிடைத்தால் கலைந்துபோகத் தயார். கஜானாவில் அதுவும் இல்லை. முஃதஸ் தம் தாய் கபீஹாவிடம் ஆள் அனுப்பினார். என்னிடம் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மருந்து சாப்பிட்டிருக்கிறேன், வெளியே வர முடியாது என்று கலீஃபா சொல்லிப் பார்த்தார். உள்ளே புகுந்து காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள், தடியால் அடித்தார்கள், கிழிந்த சட்டையில் ரத்தக் கறை. ஜூலை வெயிலில் முற்றத்தில் நிறுத்தினார்கள். தரையின் சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி மறு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார் என்கிறார் தபரி. விலகல் பத்திரத்தில் ஒப்பம் வாங்கி, சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்துவைத்துக் கொன்றார்கள். சுரங்க வழியாகத் தப்பிய கபீஹாவின் பதுக்கலைச் சில நாட்களில் தோண்டி எடுத்தபோது பத்து லட்சம் தீனாருக்கு மேல் பொன்னும், மரகதமும் முத்தும் கிடைத்தன.

தாயின் கல்நெஞ்சம் என்று இந்தக் கதையைச் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. அரசின் கஜானா காலியாக இருக்கும்போது அரண்மனை மனிதர்களின் கையில் பெருஞ்செல்வம் இருந்தது. வரி வசூலானது; அது வழியிலேயே தங்கியது. இதைச் சாதாரண வீரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அடுத்த கலீஃபா முஹ்ததிக்கு அவர்கள் கொடுத்த விண்ணப்பத்தைத் தபரி பதிவு செய்திருக்கிறார். தங்கள் தளபதிகள் நிலங்களை மானியமாக வளைத்துக்கொண்டதால் வரி குறைந்துவிட்டது. பட்டியலில் பெண்களையும் வெளியாரையும் சேர்த்துப் பணம் எடுக்கிறார்கள். முன்போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் தாருங்கள். அவர்கள் கேட்டது இவ்வளவுதான். கலீஃபாக்களைக் கொன்ற காட்டுமிராண்டிகள் என்று பிற்கால நூல்கள் சித்திரிக்கும் மனிதர்களின் மனு இப்படி இருக்கிறது. நேர்மையான, எளிய வாழ்க்கை வாழ்ந்த முஹ்ததி கேட்கத் தயாராகவே இருந்தார். 870 ஜூனில் அவரையும் தளபதிகள் கொன்றார்கள்.

பணம் எங்கே போனது என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பேரரசின் அடிவயிறு சவாத் எனப்பட்ட தென் இராக்கின் வண்டல் நிலம். சாசானியப் பாரசீகர் காலத்திலிருந்தே அங்கே விவசாயம் என்றால் கால்வாய் விவசாயம். ஆண்டுதோறும் தூர் வாரி, கரை கட்டி, மதகு பார்த்தால்தான் விளையும். சில ஆண்டுகள் விட்டால் உப்புப் பூக்கும். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நிலம் ஆண்டுக்கு 10 கோடி திர்ஹமுக்கு மேல் தந்தது. 918இல் தயாரான கணக்கில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இடையில் நடந்தவை: 812, 865 ஆகிய ஆண்டுகளின் பக்தாத் முற்றுகைகள், அதன்பின் ஸன்ஜ் கிளர்ச்சி. பஸ்ராவைச் சுற்றிய சதுப்பில் உப்பேறிய மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்த ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்க அடிமைகளை நிலக்கிழார்கள் வைத்திருந்தார்கள். 869இல் அலி இப்னு முஹம்மது என்பவர் அவர்களைத் திரட்டினார். 871இல் பஸ்ரா சூறையாடப்பட்டது. 883 வரை 14 ஆண்டுகள் தென் இராக் அரசின் கைக்கு வெளியே இருந்தது. வரி தரும் நிலத்தின் நடுவிலேயே போர் நடந்தது.

தொலைதூர மாகாணங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குராசானில் தாஹிரி வம்ச ஆளுநர்கள் ஒழுங்காகப் பணம் அனுப்பிவந்தார்கள். 873இல் செம்புக் கொல்லராக இருந்து தளபதியான யஃகூப் அவர்களை விரட்டினார். எகிப்தில் 868 முதல் இப்னு தூலூன், ஒரு துருக்கிய அடிமை வீரரின் மகன், வரியில் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொண்டார்.

சரிவு நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முவஃபக் என்ற இளவரசர் தாமே களத்தில் நின்று ஸன்ஜ் கிளர்ச்சியை அடக்கினார். படை அவரோடு ஒட்டியது, பாக்கியும் ஓரளவு தீர்ந்தது. தலைநகரம் 892இல் பக்தாதுக்குத் திரும்பியது. கலீஃபாவான அவர் மகன் முஃததித் கஞ்சர் என்று பெயர் வாங்கும் அளவுக்குச் சிக்கனம். பேரன் முக்தஃபி காலத்தில், 905இல், எகிப்தும் மீண்டது. 908இல் முக்தஃபி இறந்தபோது கஜானாவில் சுமார் 1.5 கோடி தீனார் இருந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்து யாரை அமர்த்துவது என்று அதிகாரிகள் யோசித்தார்கள். விவரமறிந்த ஆள் வந்தால் தங்கள் கணக்குகளைத் துருவுவார் என்று அஞ்சி, 13 வயதுச் சிறுவன் முக்ததிரைத் தேர்ந்தார்கள்.

முக்ததிரின் 24 ஆண்டுகளுக்கு ஒரு காட்சி போதும். 917இல் பைசாந்தியத் தூதர்கள் பக்தாதுக்கு வந்தார்கள். அவர்களை மலைக்க வைக்க அரண்மனையில் 38,000 திரைச்சீலைகள் தொங்கின என்கிறார் வரலாற்றாசிரியர் கதீப் அல் பக்தாதி. குளத்தின் நடுவே வெள்ளியால் செய்த மரம், அதன் கிளைகளில் கூவும் பொன், வெள்ளிப் பறவைகள். ஓராண்டு கழித்து அலி இப்னு ஈஸா என்ற கறாரான நிதி நிபுணர் வரவுசெலவுக் கணக்கை எழுதினார். வரவு சுமார் 1.45 கோடி தீனார். செலவு அதைத் தாண்டியது. காலாட்படையின் மாதச் சம்பளத்துக்காக அவர் பக்தாதின் யூத வட்டிக்கடைக்காரர்களிடம், அஹ்வாஸ் மாகாண வரியைக் காட்டி, மாதத் தொடக்கத்தில் முன்பணம் வாங்கினார். வரி வசூல் குத்தகைக்குப் போனது. மூன்றே ஆண்டுக்குக் குத்தகை எடுத்தவன் கால்வாய்க்கு எதற்காகச் செலவழிப்பான்? பதவியிழந்த அமைச்சரைப் பிடித்து அடித்து அவர் சேர்த்ததைக் கக்கவைப்பது அரசின் வழக்கமான வருமானங்களில் ஒன்றாயிற்று. மூன்று முறை அமைச்சரான இப்னுல் ஃபுராத் 924இல் தலை வெட்டப்பட்டார். 932இல் முக்ததிரே தம் தளபதி முஃனிஸின் படையோடு மோதிச் செத்தார்.

936இல் கலீஃபா ராளி, வாஸித்தின் ஆளுநர் இப்னு ராயிக்கைக் கூப்பிட்டு, படை, வரி, நிர்வாகம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அமீர்களின் அமீர் என்ற பட்டமும் தந்தார். என் கணக்கில் பேரரசு முடிந்த ஆண்டு இதுதான். மறு ஆண்டே இப்னு ராயிக் தம் போட்டித் தளபதியின் வருகையைத் தடுக்க நஹ்ரவான் கால்வாயின் கரையை உடைத்தார். பக்தாதுக்குக் கிழக்கே பெரும் பரப்புக்குப் பாய்ந்த கால்வாய் அது. சம்பளம் எந்த நிலத்திலிருந்து வர வேண்டுமோ அந்த நிலத்தின் நீரை, சம்பளம் கொடுக்கும் பொறுப்பில் இருந்தவரே வெட்டிவிட்டார்.

945 டிசம்பரில் காஸ்பியன் கடலோரத்து தைலம் மலையிலிருந்து கிளம்பிய பூயித் சகோதரர்களில் இளையவர், அஹ்மது, எதிர்ப்பின்றி பக்தாதுக்குள் வந்தார். கலீஃபா முஸ்தக்ஃபி அவருக்கு முயிஸ்ஸுத் தவ்லா என்று பட்டம் சூட்டினார். சில வாரங்களில் தைலமி வீரர் இருவர் கலீஃபாவின் கையை முத்தமிட வருவதுபோல் வந்து, அவரைச் சிம்மாசனத்திலிருந்து இழுத்துப் போட்டார்கள். கண்கள் குருடாக்கப்பட்டன. முன்பே குருடாக்கப்பட்ட காஹிரும் முத்தகீயும் அப்போது உயிரோடு இருந்தார்கள். ஒரே காலத்தில் மூன்று குருட்டு முன்னாள் கலீஃபாக்கள். புதிதாக வைக்கப்பட்ட முதீஃ என்ற கலீஃபாவுக்கு நாளொன்றுக்கு 2,000 திர்ஹம் படி நிர்ணயமாயிற்று. கலீஃபாவே சம்பளப் பட்டியலில் ஒரு பெயராகிவிட்டார்.

தன் வீரர்களுக்குக் கொடுக்க முயிஸ்ஸிடமும் ரொக்கம் இல்லை. வரிவிதிக்கும் உரிமையையே அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். இக்தா என்ற இந்த முறையை, பூயித் அரசில் அதிகாரியாக இருந்தே எழுதிய மிஸ்கவைஹ் கடுமையாகச் சாடுகிறார்: வீரர்கள் கிடைத்த நிலத்தை உறிஞ்சிவிட்டு, இது விளையவில்லை என்று வேறு நிலம் கேட்டு மாற்றிக்கொண்டார்கள், கால்வாய்களைப் பார்க்க ஆளில்லை.

14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் எழுதிய முன்னுரை நூலை வைத்தே இந்தச் சரிவை விளக்குவது மரபு. குலப்பற்றால் எழும் வம்சம் நகரத்துச் சொகுசில் அதை இழந்து நான்கு தலைமுறையில் விழும் என்பது அவர் கொள்கை. முஃதஸிம் ஏன் வெளியாட்களைத் தேடினார் என்பதை அது நன்றாக விளக்குகிறது. அந்த வெளியாட்கள் ஏன் திரும்பினார்கள் என்பதை விளக்கவில்லை. துருக்கியரிடம் இழப்பதற்குக் குலப்பற்று இல்லை. அவர்களை ஒன்றுசேர்த்ததே பதிவேடுதான். அதே நூலில் வரியைப் பற்றி அவர் எழுதிய பகுதி எனக்கு அதிகம் பயன்படுகிறது: வம்சத்தின் தொடக்கத்தில் குறைந்த வரியில் நிறைய வருவாய், முடிவில் நிறைய வரியில் குறைந்த வருவாய்.

அரசு சரிந்ததால் அறிவும் சரிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவர் ராஸி, தத்துவ அறிஞர் ஃபாராபி, தபரியே கூட இந்தக் குழப்பமான பதிற்றாண்டுகளின் மனிதர்கள். ஒரு தலைநகரம் பலவாக உடைந்தபோது புரவலர்களும் பெருகினார்கள்.

ஷியா சார்புடைய பூயித்கள் அப்பாசியக் கலீஃபாவை ஏன் விட்டுவைத்தார்கள்? நபியின் மருமகன் அலியின் வழிவந்த ஒருவரை அமர்த்த முயிஸ் எண்ணியபோது ஆலோசகர் ஒருவர் தடுத்ததாக வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் சொல்கிறார். இன்றுள்ளவரை நீங்கள் கொல்லச் சொன்னால் உங்கள் வீரர்கள் கொல்வார்கள். அவர்கள் உண்மையாகவே நம்பும் ஒருவரை அமர்த்தினால், அவர் உங்களைக் கொல்லச் சொன்னாலும் செய்வார்கள். இந்த யோசனையால் பிழைத்த வம்சத்தின் பெயர் நெடுந்தொலைவு போயிற்று. 1229இல் தில்லியின் இல்துத்மிஷ், தாமும் ஒரு துருக்கிய அடிமை வீரர், பக்தாதிலிருந்து அங்கீகாரப் பட்டம் பெற்றார். 1258இல் கொல்லப்பட்ட முஸ்தஃஸிமின் பெயர் அதன் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தில்லிக் காசுகளில் அச்சாகிக்கொண்டிருந்தது. 1296இல் வந்த அலாவுதீன் கில்ஜிதான் அதை நீக்கினார். தேவகிரியில் கொள்ளையடித்த பொன்னை இறைத்துப் பட்டத்துக்கு வந்த அவர், படைக்கு ரொக்கமாகவே சம்பளம் கொடுத்தார். குதிரை வீரனுக்கு ஆண்டுக்கு 234 டங்கா. அந்தச் சம்பளம் கட்டுப்படியாகும்படி தானியம், துணி, குதிரை எல்லாவற்றுக்கும் விலை நிர்ணயித்தார். 1311இல் மதுரை வரை வந்து மாலிக் காபூர் வாரிச் சென்ற பொன்னும் யானைகளும் அந்தக் கஜானாவுக்குத்தான் போயின. காபூரும் விலைக்கு வாங்கப்பட்ட அடிமையே. 1316இல் அலாவுதீன் இறந்த சில வாரங்களில் காபூரை அரண்மனைக் காவலர்களே கொன்றார்கள்.